நெஞ்சில் நெட்டி முறிகிறது: இதயமா, எலும்பா?

கேள்வி: வயது 36. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழில். வெட்டு முடிந்ததும் பக்கத்து வீடுகளுக்கு ஷீட் (உறைந்த பாலை மெஷினில் உருட்டி எடுக்கும் ரப்பர் தகடு) அடித்தும் கொடுப்பேன். போன மழையில் ஒரு மாதம் விடாத இருமல். இருமல் நின்ற பிறகு நடுநெஞ்சில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. காலையில் எழும்பி இரண்டு கையையும் பின்னால் இழுத்தால் முறியும். முறிந்ததும் ஒரு சுகம். அரை மணி நேரத்தில் மறுபடியும் இறுகிவிடும். இப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை நானே இழுத்து முறிக்கிறேன். நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் விரல் வைத்தால் வலி. இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். வாயு என்கிறார் ஒருவர். விலா விலகியிருக்கிறது, தட்டி ஏற்ற வேண்டும் என்கிறார் வர்ம வைத்தியம் செய்யும் ஓர் ஆசான். வேலையை விட வேண்டுமா? இப்படி முறித்தே எலும்பு தேய்ந்துவிடுமா? ராத்திரி வலித்தால் ஹார்ட் அட்டாக்கோ என்று உறக்கம் போகிறது.
— வாசகர், குலசேகரம்

இயன்முறை மருத்துவர் பதில்:

வேலையை விட வேண்டாம். எலும்பும் தேயாது. ஆனால் கையைப் பின்னால் இழுத்து முறிப்பதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். உங்கள் வலி ஆறாமல் இழுத்துக்கொண்டு போவதற்கு அந்தப் பழக்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மற்றதற்குப் போகும் முன் இதயத்தைப் பற்றிப் பேசிவிடலாம். அந்தப் பயம் இருக்கும்வரை வேறு எதைச் சொன்னாலும் மனதில் ஏறாது.

இ.சி.ஜி. எடுத்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதை மட்டுமே காட்டும். எக்கோ தசையும் வால்வும் வேலை செய்யும் விதத்தைக் காட்டும். உங்களுக்கு இரண்டும் சரியாக இருந்தது நல்லதுதான். அதற்காக, இனி எந்த நெஞ்சுவலி வந்தாலும் மூட்டுதான் என்று இருந்துவிடக் கூடாது. இதயத்திலிருந்து வரும் வலியைப் பெரும்பாலானவர்கள் ஒரு விரலால் தொட்டுக் காட்ட மாட்டார்கள். உள்ளங்கையை நெஞ்சில் பரப்பி வைத்து அழுத்துகிறது, பிசைகிறது என்பார்கள். பால்வாளியோடு மேட்டில் ஏறும்போது வரும், நின்றால் சில நிமிடத்தில் தணியும். இடது கை, தாடை, முதுகு என்று பரவும். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தலைசுற்றல் கூடவே வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுமுட்டலும் மட்டும் வருவதுண்டு. இப்படி எதுவும் வந்து, உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கில் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நம் ஊர் வீடுகளில் ஓமவாட்டர், பூண்டு, சோடா என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டி கூப்பிடுகிறார்கள். இதயத் தசை சாவது அந்த இடைவெளியில்தான்.

‘அழுத்தினால் வலிக்கிறது, அப்படியென்றால் ஹார்ட் இல்லை’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. அழுத்தி வலித்தால் இதயமாக இருக்கும் வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. மூட்டு வலி இருக்கிற மனிதருக்கு இதய நோயும் வரலாம் அல்லவா. பீடி, சிகரெட் பழக்கமோ, சர்க்கரையோ, பிரஷரோ, குடும்பத்தில் சிறு வயதிலேயே இதய நோய் வந்தவர்களோ இருந்தால், நடக்கவைத்து எடுக்கும் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயப் பிரிவு இருக்கிறது.

இனி உங்கள் நெஞ்சுக்கு வருகிறேன். இருமலுக்குப் பிறகு தொடங்கியது, ஒரு விரலால் காட்ட முடிகிறது, கை அசைவில் வந்து போகிறது: மூன்றும் சேர்ந்தால் விலா எலும்பின் குருத்தெலும்பு மார்பெலும்போடு சேரும் மூட்டில் அழற்சி என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். மருத்துவச் சீட்டில் ‘காஸ்டோகான்ட்ரைட்டிஸ்’ என்று எழுதுவார்கள். நேரில் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும் என்றாலும், எந்த மூட்டு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கழுத்தடியில் இரண்டு காரை எலும்புகளும் சேரும் இடத்தில் ஒரு குழி இருக்கிறதே, அதில் விரலை வைத்து நேர் கீழே வாருங்கள். சுமார் 5 செ.மீ. இறங்கியதும் குறுக்காக ஒரு மேடு தட்டும். மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடம் அது. அந்த மேட்டின் பக்கவாட்டில் வந்து சேர்வது இரண்டாம் விலா. அங்கிருந்து ஒவ்வொரு பள்ளமாகத் தாண்டி மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே இறங்கலாம். வலி 2 முதல் 5 வரையிலான விலாக்களில், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், வீக்கம் இல்லாமல் இருந்தால் நான் சொன்ன அழற்சிக்குப் பொருந்தும். இரண்டாம் அல்லது மூன்றாம் விலா சேரும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற வீக்கம் இருந்தால் அது வேறு; 1921-இல் அதை விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்ஸேயின் பெயரால் அழைக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் தானாக ஆறுவதே. ஆனால் வீக்கம் என்று வந்தால் மருத்துவர் கையால் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். வலி கீழே, விலாக்கூடு முடியும் ஓரத்தில், குனியும்போது ‘கிளிக்’ என்று ஏறி இறங்கினால் 8, 9, 10-ஆம் விலாக்களின் நுனி வழுக்குகிறது என்று பொருள். தோளைத் தூக்கும்போது கழுத்தடிக் குழியின் ஓரத்தில் சத்தம் வந்தால் அது காரை எலும்பு மூட்டு. உங்களுடையது இந்த இரண்டும் இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் சரியாகப் பதியாது. ‘எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் வலிக்கிறது’ என்று குழம்ப வேண்டாம்; இந்த நோயில் அப்படித்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ.க்குக் காசு செலவழிக்க இப்போது அவசியம் இல்லை.

சத்தம் எங்கிருந்து

மார்பெலும்பின் ஓரத்தில் இரண்டாம் விலாவிலிருந்து கீழே உள்ள மூட்டுகள் பெரும்பாலும், விரல் மூட்டைப் போலவே, உள்ளே கொஞ்சம் வழவழப்புத் திரவம் உள்ளவை. மூட்டுப் பரப்புகளை இழுத்துப் பிரிக்கும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று குறைந்து ஒரு வாயுக் குமிழ் உருவாகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் படமெடுத்தபோது, குமிழ் உருவாகும் அதே கணத்தில்தான் சத்தம் வருவதைக் கண்டார்கள். ஒருமுறை முறிந்த விரல் உடனே மறுபடி முறியாது. சுமார் 20 நிமிடம் ஆகவேண்டும். உங்கள் ‘அரை மணி நேரத்துக்கு ஒருமுறை’ கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. இடைவெளியே இல்லாமல், ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் சத்தம் வந்தால் அது குமிழ் இல்லை. குருத்தெலும்பின் விளிம்போ தசைநாரோ உரசுகிறது.

விரலை நெட்டி முறிப்பதால் மூட்டுத் தேய்மானம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நெஞ்சிலும் தானாக வந்து போகிற சத்தத்தால் கேடு இல்லை. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். ஆனால் நீங்கள் செய்வது வேறு. அழற்சியோடு இருக்கிற மூட்டை ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை அதன் கடைசி எல்லை வரை இழுக்கிறீர்கள். முறிந்ததும் சுற்றியுள்ள தசை கொஞ்ச நேரம் தளர்வதால் சுகமாக இருக்கிறது. இழுபட்ட இடம் மறுபடியும் நோகத் தொடங்கியதும் தசை இறுகிக் காவல் காக்கிறது. இறுகியதும் மறுபடி இழுக்கிறீர்கள். இந்தச் சுற்று நிற்காமல் எந்தத் தைலமும் வேலை செய்யாது.

ஏன் உங்களுக்கு, ஏன் ஆறவில்லை

ஒரு மாத இருமல் மட்டுமே இதைத் தொடங்கி வைக்கப் போதுமானது. ஒவ்வொரு இருமலும் விலாக்களை மார்பெலும்பிலிருந்து உலுக்குகிறது. தொடங்கிய பிறகு ஆற நேரமெடுப்பதற்கு, இந்த மூட்டுக்கு ஓய்வே இல்லாததும் காரணம். கால் சுளுக்கினால் காலை ஊன்றாமல் இருக்கலாம். மூச்சை நிறுத்த முடியுமா? நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 20,000 தடவை இந்த மூட்டுகள் அசைகின்றன.

விலா எலும்பின் அசைவு உங்கள் பால்வாளியின் கைப்பிடி மாதிரி. ஒரு முனை முதுகெலும்பில், மறுமுனை மார்பெலும்பில், நடுப்பகுதி ஏறி இறங்கும். பின்முனை துருவேறி இறுகிப்போனால் முன்முனைதான் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கும். பட்டையில் தாழ்ந்த வெட்டுக்கு முதுகை வளைத்துக் குனிந்து மரம் மரமாக நகர்கிறீர்கள். அதன்பிறகு ஷீட் மெஷின். அதன்பிறகு பைக்கிலும் போனிலும் மறுபடி அதே கூனல். மேல்முதுகு ஒருநாளும் நிமிரவில்லை. ஆகவே வலிக்கிற இடத்தைத் தேய்ப்பதைவிட வலிக்காத மேல்முதுகை அசைய வைப்பதற்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன்.

வேலையில் மாற்ற வேண்டியதில் முதலாவது ஷீட் மெஷின். பால்வெட்டைவிட அதுதான் உங்கள் நெஞ்சை அதிகம் வாட்டுகிறது என்பது என் ஊகம். கைப்பிடியைச் சுழற்றும்போது நெஞ்சின் முன்தசை முழுக்கச் சுருங்கி, அது ஒட்டியிருக்கிற விலாக் குருத்தெலும்புகளையே இழுக்கிறது. பாலை உறையவைக்கும் ஆசிட் அளவு கூடிப்போனால் பால் கட்டி ரப்பராக விறைத்து, உருட்ட இரட்டிப்புப் பலம் வேண்டியிருக்கும். பாலில் தண்ணீரும் ஆசிட்டும் சரியான அளவில் சேர்ந்தாலே உங்கள் நெஞ்சுக்குப் பாதிப் பாரம் குறையும். உறைந்த கட்டியைத் தட்டிலிருந்து எடுத்ததும் கையாலோ உருளைக் கட்டையாலோ நன்றாக அழுத்தித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பிறகு மெஷினில் கொடுங்கள். வழவழப்பு ரோலரில் முதல் தடவையே இடைவெளியை இறுக்காதீர்கள். மூன்று, நான்கு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் வரி ரோலரில் ஒருமுறை. பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் கிரீஸ் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். சுழற்றும்போது கைப்பிடிக்கு எட்டி நிற்காமல் அருகே நில்லுங்கள். ஒரு காலை முன்வைத்து உடம்பின் பாரத்தால் தள்ளுங்கள். ஒரு ஷீட்டுக்கு வலது கை, அடுத்ததற்கு இடது கை. முதல் மூன்று வாரம் அடுத்த வீடுகளுக்கு அடிப்பதை வேறொருவரிடம் விட முடிந்தால் விடுங்கள். பணம் போகும்தான், ஆனால் வலியோடு ஆறு மாதம் இழுத்தடிப்பதைவிட அது மலிவு.

வெட்டும்போது, கத்தி நகரும் பக்கமாகக் காலும் நகர வேண்டும். பாதத்தை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு நெஞ்சை மட்டும் திருப்பி எட்டினால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முறுக்கு. தாழ்ந்த வெட்டுக்கு இடுப்பையும் முழங்காலையும் மடக்குங்கள், மேல்முதுகை அல்ல. உயரமான வெட்டுக்கு நீளக் கைப்பிடிக் கத்தி. பால் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. 16 லிட்டரை ஒரே வாளியில் ஒரே கையில் தூக்குவதற்குப் பதில் எட்டெட்டாக இரண்டு கையிலும் தூக்குங்கள். சரிவில் இன்னும் குறைவாகத் தூக்கி இரண்டு நடையாகப் போங்கள்.

இழுப்பதற்குப் பதிலாக

முறிக்கத் தோன்றும்போது கையைப் பின்னால் கொண்டுபோகாமல் இதைச் செய்யுங்கள். இரண்டு கையையும் எதிர்த் தோளில் குறுக்காக வைத்து, மேல்முதுகை மட்டும் மெல்ல நிமிர்த்தி, வலமும் இடமும் வலிக்காத அளவுக்கு ஐந்தைந்து முறை திரும்புங்கள். பிறகு மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சு இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். இப்படிப் பத்து மூச்சு. தற்செயலாகச் சத்தம் வந்தால் வரட்டும். அதைத் தேடிப் போகக் கூடாது, அவ்வளவுதான். முதல் நான்கைந்து நாள் இறுக்கம் கூடின மாதிரி இருக்கும்; பலர் அங்கேயே கைவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் முறிக்க வேண்டும் என்ற அரிப்பு தானாகக் குறையத் தொடங்கும்.

மேல்முதுகுக்கு: ஒரு குளியல் துண்டை 8 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு இறுக்கிச் சுருட்டுங்கள். பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, சுருளைத் தோள்பட்டை எலும்புகளின் கீழ்நுனி மட்டத்தில் முதுகுக்குக் குறுக்காக வையுங்கள். தலையைக் கைகளால் தாங்கி, முழங்கைகளை முன்பக்கம் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல மூச்சு விடுங்கள். பிறகு சுருளை மூன்று விரல் மேலே நகர்த்தி மறுபடி, இன்னொரு மூன்று விரல் நகர்த்தி மறுபடி. இடுப்புக்கு அடியில் வைக்காதீர்கள். பயனில்லை, இடுப்பு நோகும். முழங்கையை அகல விரித்தால் முன்நெஞ்சு இழுபடும். முதல் இரண்டு வாரம் வேண்டாம். அடுத்து, ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கி, மேலிருக்கிற கையை புத்தகம் திறப்பதுபோல் பின்பக்கம் கொண்டுபோய், வலி தொடங்கும் முன்னரே நிறுத்தித் திரும்புங்கள். பக்கத்துக்கு எட்டு முறை. விடியற்காலை இருட்டில் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் இது போதும், மாலையில் இன்னொருமுறை.

மூன்றாம் வாரத்திலிருந்து பலம் கூட்ட வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்தி, அடுத்த இருமலில் மறுபடி தொடக்கத்துக்கு வந்து நிற்கிறார்கள். ஒன்றுவிட்ட நாள் வெட்டு என்றால், வெட்டில்லாத நாளை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பார்த்து ஒரு முழம் தள்ளி நின்று, கையை ஊன்றி, சுவரில் தண்டால்: பத்துப் பத்தாக இரண்டு சுற்று. ஒரு வாரம் வலி ஏறாமல் செய்ய முடிந்தால் திண்ணை உயரத்துக்கு இறங்குங்கள், அதன்பிறகே தரை. ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கை உடம்பை ஒட்டியபடி பின்னால் இழுத்து, தோள்பட்டை எலும்புகளைச் சேர்த்து 5 விநாடி நிறுத்துவது பத்து முறை. முழங்கை உடம்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது.

கதவு நிலையில் கையை ஊன்றி நெஞ்சை விரிக்கும் பயிற்சியை இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் பழக்கத்துக்கு அது ஆபத்து. முறிக்கிற ஆசையைத்தான் அது தூண்டும். ஆறு வாரம் கழித்து, முழங்கை தோளுக்குக் கீழே இருக்கும்படி, 20 முதல் 30 விநாடி, சத்தம் வராத அளவுக்கு மட்டும் செய்யலாம். ஜிம்முக்குப் போகிறவர்கள் இணைகம்பியில் இறங்கி ஏறும் ‘டிப்ஸ்’ பயிற்சியை நிறுத்தவேண்டும். நடுநெஞ்சில் சத்தம் வருகிற இளைஞர்கள் பலரிடம் கேட்டால் அதில்தான் ஆரம்பித்திருக்கும்.

எவ்வளவு வலி வரை செய்யலாம்? பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. பயிற்சியில் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவைப் பாதியாக்குங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம்.

ராத்திரி

குப்புறப் படுக்காதீர்கள். மல்லாந்து, மெல்லிய தலையணை. ஒருக்களித்தே பழக்கம் என்றால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேல்கை முன்னால் சரிந்து விழுந்து இரவு முழுக்க அந்த மூட்டைப் பிதுக்கும். காலையில் பாயிலிருந்து ஒரு கையை ஊன்றி உந்தி எழும்புவதுதான் பலருக்கு அன்றைய முதல் ‘டொக்’. முதலில் பக்கவாட்டில் புரண்டு, இரண்டு கையும் ஊன்றி, மண்டியிட்டு எழும்புங்கள். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையையோ மடித்த துண்டையோ நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.

நள்ளிரவில் வலித்து விழித்தால் மேலே சொன்ன இதய அறிகுறிகளை ஒருமுறை மனதில் ஓட்டுங்கள். அவற்றில் ஒன்றும் இல்லை, விரலால் தொட்டால் அதே பழைய இடம், புரண்டால் மாறுகிறது என்றால் அந்த மூச்சுப் பயிற்சியைச் செய்யுங்கள். பயத்தில் மேல்நெஞ்சால் வேகமாக மூச்சு வாங்கினால் அதே விலாக்கள் இன்னும் அதிகமாக உழைக்கும், வலி கூடும், பயம் கூடும். கை அடிவயிற்றில் இருக்கட்டும், அது எழும்பட்டும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, முன்கையில் சூடு பார்த்துவிட்டு, 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம், நாளைக்கு இரண்டு மூன்று முறை. டைக்ளோஃபினாக் ஜெல் தடவினால் அதன்மேல் ஒத்தடம் வேண்டாம். பாராசிட்டமால் 500 மி.கி., தேவைப்பட்டால் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் கேட்காமல் அதுவும் கூடாது. ஐபுப்ரொஃபன் வகை மாத்திரைகள் நன்றாகக் கேட்கும். ஆனால் அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு சில நாள் மட்டும். மெடிக்கல் ஷாப்பில் ‘வலிக்கு ஒரு செட்’ என்று பெயரில்லாமல் கட்டித் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் மூன்று நாள் சுகமாக இருக்கும், அதற்கான விலை சர்க்கரையிலும் வயிற்றிலும் தெரியும்.

ஆசானைப் பற்றிக் கேட்டீர்கள். நம் மாவட்டத்தில் வர்ம வைத்தியத்துக்கு நீண்ட மரபு உண்டு. மேல்முதுகிலும் தோளிலும் எண்ணெய் தேய்த்து மெல்ல இளக்கி விடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. உங்களுக்குச் சுகமாகக்கூட இருக்கும். ஆனால் மார்பெலும்பில் தட்டுவது, அழுத்தி ‘ஏற்றுவது’, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து உதறி முறிப்பது மூன்றுக்கும் சம்மதிக்காதீர்கள். விலா விலகவில்லை. பலமான அடி இல்லாமல் அது தானாக விலகாது. விலகியிருந்தால் மேடு தெரியும், மூச்சே விட முடியாமல் வலிக்கும், நீங்கள் மெஷின் சுழற்றிக்கொண்டிருக்க மாட்டீர்கள். விலகாத ஒன்றைத் தட்டினால் குருத்தெலும்பில் புதிய காயம்தான் மிஞ்சும். வீட்டுக் குழந்தையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் இதே கணக்கில் சேரும்.

இதே கேள்வி மனதில் உள்ள மற்ற வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அந்த எலும்பு மறுபடி ஒட்டிச் சேர இரண்டு மூன்று மாதமாகும். அவர்களுக்கு நெஞ்சில் ‘கிளிக்’ கேட்டால், எலும்பு ஆடுவது கைக்குத் தெரிந்தால், இங்கே எழுதியது எதுவும் பொருந்தாது. அறுவை செய்த மருத்துவரிடம் அன்றைக்கே போகவேண்டும். காய்ச்சலோ சீழோ கூட இருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பைக் விபத்திலோ மரத்திலிருந்து விழுந்தோ நெஞ்சில் அடிபட்டவர்களும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு முட்டினால், இருமலில் இரத்தம் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி நெஞ்சும் வலித்தால் நுரையீரல் பக்கம் பார்க்க வேண்டிய அவசரம் அது.

உங்களிடம் கேட்க எனக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. இருமல் முழுக்க நின்றுவிட்டதா? இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பு இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் விலாவிலும் மார்பெலும்பிலும் கட்டியாக வருவதுண்டு. இரண்டாவது, காலையில் முதுகும் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடமாடினால் தளர்கிறதா? அப்படியென்றால் முதுகெலும்பு இறுகும் வாத நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை: தையல் டேப்பை மார்புக் காம்பு மட்டத்தில் சுற்றி, மூச்சை முழுக்க விட்டு ஓர் அளவு, முழுக்க இழுத்து ஓர் அளவு. வித்தியாசம் 5 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. 2.5 செ.மீ.க்கும் குறைவு என்றால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறுவது நாளில் அல்ல, வாரத்தில் எண்ண வேண்டியது. சிலருக்குச் சில மாதம். நடுவில் ஒரு சளி பிடித்தாலோ ஷீட் அதிகம் அடித்தாலோ நாலு நாள் ஏறி இறங்கும். தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. வலி போன பிறகும் எப்போதாவது ‘டொக்’ கேட்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். இழுப்பதை நிறுத்தி, மெஷின் வேலையைக் குறைத்து, பயிற்சியை ஒழுங்காகச் செய்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்தும் வலி பாதியாகவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தேவையென்று கண்டால் அந்த மூட்டின் மேலேயே ஓர் ஊசி போடுவார். போகும்போது இ.சி.ஜி., எக்கோ சீட்டுகளையும், எத்தனையாவது விலாவில் வலி என்று நீங்கள் எண்ணிக் கண்டுபிடித்ததையும், எந்த வேலைக்குப் பிறகு கூடுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.